பழைய மோட்டார் வண்டியில் கிளட்ச், கியர் கோளாறுகளைக் கண்டறியும் முறை

கிராமத்தில் மோட்டார் வண்டி இன்று ஆடம்பரப் பொருளன்று. விளைந்த கீரையையும் காய்கறியையும் விடியுமுன் சந்தை சேர்ப்பதற்கும், நள்ளிரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதற்கும் அது துணையாகிறது. எனினும் நம் விவசாயக் குடும்பங்களில் உள்ள கார்களிற் பல, வேறொருவரிடம் பல ஆண்டுகள் உழைத்த பின்னர் வாங்கப்பட்டவை. அத்தகைய வண்டி ஒரு நாள் கியர் விழாமல் நின்றுவிட்டால், உரியவர் திகைத்துப் போகிறார். “கியர்ப் பெட்டி போய்விட்டது” என்று யாராவது ஒருவர் கூறிவிட்டால், ஒரு போகத்தின் வருமானம் அதற்கே செலவாகிறது. பெட்டியைக் கழற்றிப் பிரித்த பின், கோளாறு அதில் இல்லையென்றும், ஒரு கம்பியைச் சரிசெய்திருந்தாலே போதும் என்றும் தெரிய வருவதும் உண்டு.

இந்த வீண் செலவைத் தவிர்ப்பதற்கான வழியைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். வண்டியைப் பழுது பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை ஓரளவு அறிந்துகொள்வது உரியவரின் கடமையாகும்.

முடிச்சூர்ப் பகுதி மக்களுக்கு மோட்டார் வண்டி புதிதன்று. அருகிலுள்ள பெருங்களத்தூர், வண்டலூர் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இயங்கி வந்தது. 1961ஆம் ஆண்டு முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் கார் அங்கே தயாராயிற்று. அத்தொழிற்சாலை இன்று இல்லை. 2014ஆம் ஆண்டில் அம்பாசடர், மாருதி 800 ஆகிய இரு வண்டிகளின் உற்பத்தியும் நின்றுவிட்டது. ஆயினும் இவ்வண்டிகளுள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தனியார் கார்களின் பதிவை 15 ஆண்டுகளுக்குப் பின், ஆய்வுக்கு உட்படுத்தி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே அவற்றை நல்ல நிலையில் வைத்திருப்பது அவசியம்.

உறுப்புகளின் வேலை

எஞ்சினின் பின்புறத்தில் பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் சுழன்றுகொண்டேயிருக்கிறது. அதை ஒட்டிக் கிளட்ச் பிளேட் அமைந்துள்ளது. பிரஷர் பிளேட் என்னும் உறுப்பு, வில்லின் விசையால் இந்தப் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கிறது. எஞ்சினின் ஆற்றல் இவ்வழியாகவே கியர்ப் பெட்டிக்கும், அதிலிருந்து சக்கரங்களுக்கும் செல்கிறது. கிளட்ச் பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து அந்தப் பிடியை விலக்குகிறது. அப்போது எஞ்சின் தனியாகவும் கியர்ப் பெட்டி தனியாகவும் நிற்கும்.

ஏரில் பூட்டிய மாட்டை வண்டியில் பூட்ட வேண்டுமானால், முதலில் பூட்டாங்கயிற்றை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காமல் மாட்டை இழுத்தால் அதன் கழுத்துத்தான் புண்ணாகும். கியர் மாற்றுவதும் அத்தகையதே. கிளட்ச் முழுவதும் விடாத நிலையில் கைப்பிடியைப் பலமாகத் தள்ளினால், கியரின் பற்கள் தேய்கின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். கிளட்சின் முக்கியமான கோளாறுகள் இரண்டே. ஒன்று, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமை. மற்றொன்று, விட வேண்டிய நேரத்தில் விடாமை. இவற்றைப் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

முதற் சோதனை

சோதனைகளைத் தொடங்குமுன் வண்டியைத் திறந்த வெளியில், சமதரையில் நிறுத்த வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுதல் உயிருக்கு ஆபத்தானது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். வண்டியின் முன்னாலும் பின்னாலும் குழந்தைகளோ கால்நடைகளோ நிற்கலாகாது.

இப்போது எஞ்சினை நிறுத்தியபடியே பெடலை மிதித்து, எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பெடலை முழுவதும் மிதித்து, மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும்.

எஞ்சின் நின்றிருக்கும்போது கியர்கள் எளிதில் விழுந்து, ஓடும்போது மட்டும் விழ மறுத்தால், கிளட்ச் விடவில்லை என்று பொருள். கியர்ப் பெட்டியை இந்நிலையில் சந்தேகிக்கக் காரணமில்லை. எஞ்சின் நின்றிருக்கும்போதும் விழாவிட்டால், கைப்பிடிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள இணைப்புக் கம்பிகளையும் புஷ்களையும் முதலிலும், பெட்டியைக் கடைசியிலும் பார்க்க வேண்டும். எல்லாக் கியர்களும் கடினமாக இருந்து, ஒன்று மட்டும் மிக மோசமாக இருந்தால், இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கக்கூடும். மற்றவை நன்றாக விழுந்து, ஒரே ஒரு கியர் மட்டும் எப்போதும் கரகரத்தால், பெட்டிக்குள் அந்தக் கியருக்குரிய ஒத்திசைவு வளையம் தேய்ந்திருக்கலாம்.

இங்கு ஒரு விலக்கு உண்டு. ஹெரால்டிலும், 1,489 சி.சி. எஞ்சின் பொருத்திய பழைய அம்பாசடரிலும் முதற் கியருக்கு ஒத்திசைவு வளையமே கிடையாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முதற் கியரைப் போட்டால் அது கரகரப்பது இயல்பு, கோளாறன்று. வண்டி முழுவதும் நின்ற பின்னரே அதைப் போடுதல் வேண்டும்.

கிளட்ச் விடாமை

எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பெடலை முழுவதும் மிதித்து, ஐந்து விநாடிகள் பொறுத்திருந்து ரிவர்ஸ் கியரைப் போடவும். அதற்குள் கிளட்ச் பிளேட் சுழல்வது நின்றிருக்க வேண்டும். அப்போதும் கியர் கரகரத்தால் கிளட்ச் விடவில்லை என்பது உறுதி.

காரணங்களை எளியது முதல் வரிசையாகப் பார்க்க வேண்டும். பெடலின் கீழே மடிந்துள்ள கால்மிதி, பெடலை முழுவதும் இறங்கவிடாமல் தடுக்கலாம். மாருதி 800 போன்ற வண்டிகளில் பெடலின் இழுப்பைக் கொண்டு செல்வது ஒரு கம்பியே. அக்கம்பி நீண்டிருக்கலாம், அல்லது அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கலாம். பெடலை மிதித்தவுடன் முதலில் சிறிது தூரம் தளர்வாக இறங்குவது வழக்கம். இத்தளர்ச்சி பல வண்டிகளில் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை இருக்கும். சரியான அளவை அந்தந்த வண்டியின் கையேட்டில் காணலாம். தளர்ச்சி மிகுந்தால் கிளட்ச் விடாது. அதைத் திருகு மறையைத் திருப்பிச் சரிசெய்ய, பெட்டியைக் கழற்ற வேண்டியதில்லை.

வேறு சில வண்டிகளில் கம்பிக்குப் பதிலாக எண்ணெயின் அழுத்தம் இவ்வேலையைச் செய்கிறது. அவற்றில் பெடலை நான்கைந்து முறை அடுத்தடுத்து மிதித்த பின் கியர் விழுந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது; அல்லது மாஸ்டர் சிலிண்டரோ, கீழேயுள்ள ஸ்லேவ் சிலிண்டரோ எண்ணெயைத் தாங்கவில்லை. எண்ணெய்ச் சிறு தொட்டியின் அளவைப் பார்த்து, சிலிண்டர்களின் அடியில் ஈரம் உள்ளதா என்று தடவிப் பார்க்க வேண்டும். குறைந்த எண்ணெயை நிரப்பிவிட்டுக் கசிவை மறந்துவிடுதல் கூடாது. வண்டிக்குரிய பிரேக் எண்ணெயைத் தவிர எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் உப்பிக் கெட்டுவிடும்.

கிளட்ச் பிடிக்காமை

மேட்டில் ஏறும்போதோ சுமை ஏற்றியிருக்கும்போதோ ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் இரைகிறது. ஆனால் வண்டியின் வேகம் கூடவில்லை. கருகிய வாடையும் வருகிறது. இவை கிளட்ச் வழுக்குவதற்கு அடையாளங்கள்.

இதை உறுதி செய்ய, ஹேண்ட் பிரேக்கை இறுகப் போட்டு, மூன்றாம் கியரில் வைத்துப் பெடலை மெல்ல விட வேண்டும். எஞ்சின் உடனே நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. நில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் வழுக்குகிறது. இச்சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்யலாகாது. நீண்ட நேரம் செய்தால் பிளேட் கருகிவிடும்.

இதிலும் முதலில் பெடலின் தளர்ச்சியைப் பார்க்க வேண்டும். தளர்ச்சி சிறிதும் இல்லையானால், காலை வைக்காதபோதும் கிளட்ச் சற்றே விலகியிருக்கும். அதைச் சரிசெய்தும் வழுக்கினால், பிளேட் தேய்ந்திருக்கும். அல்லது எஞ்சினின் பின்புற ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் படிந்திருக்கும். எண்ணெய் படிந்த காரணத்தை நீக்காமல் பிளேட்டை மட்டும் மாற்றினால், புதிய பிளேட்டும் விரைவில் கெடும்.

வண்டி புறப்படும்போது நடுங்கினாலும் உடனே பிளேட்டை மாற்ற வேண்டாம். எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் கிழிந்திருந்தாலும் அந்நடுக்கம் ஏற்படும்.

ஓசையும் கைப்பிடியும்

பெடலை மிதிக்கும்போது ஓசை எழுந்து, விட்டதும் அடங்கினால், ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். நியூட்ரலில் ஓசை கேட்டு, பெடலை மிதித்ததும் மறைந்தால், கியர்ப் பெட்டியின் முன்புறப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் கியர்க் கைப்பிடி ஸ்டியரிங் கம்பத்திலேயே அமைந்துள்ளது. அங்கிருந்து பெட்டி வரை செல்லும் கம்பிகளின் மூட்டுகளும் புஷ்களும் தேய்ந்தால், கைப்பிடி ஆடும். கியர் பாதியில் சிக்கிக்கொள்ளும். இத்தகைய சிக்கலைக் கண்டு பெட்டியைப் பிரிக்கத் தொடங்குதல் தவறு. எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஒருவர் கைப்பிடியை அசைக்க மற்றொருவர் கம்பிகளைக் கவனித்தால், எந்த மூட்டில் அசைவு வீணாகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

போட்ட கியர் தானாகவே கழன்றுவிட்டால், இணைப்புகளையும் மவுண்டுகளையும் பார்த்த பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். கைப்பிடியைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டுதல் பரிகாரமாகாது. கீழிறக்கத்தில் கியர் கழன்றால் வண்டியை அடக்குவது கடினம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்

2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் அடுத்துள்ள வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. நிறுத்தியிருந்த கார்கள் நீரில் மூழ்கின. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தாம்பரம் சுற்றுப்புறத்தில் நீர் சூழ்ந்தது. ஆகவே இப்பகுதியினர் இதைச் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும்.

நீரில் நின்ற வண்டியைப் பின்னர் பல நாட்கள் அப்படியே விட்டுவைத்தால், பிளைவீலில் துரு ஏறிக் கிளட்ச் பிளேட் அதனோடு ஒட்டிக்கொள்ளும். பெடல் வழக்கம்போல இறங்கும். ஆனால் எஞ்சின் ஓடும்போது எந்தக் கியரும் விழாது. முன்பு நன்றாக ஓடிய வண்டி, வெள்ளத்துக்குப் பின் இவ்வாறு ஆனால், கியர்ப் பெட்டியைக் குறை கூறுமுன் ஒட்டிய பிளேட்டை நினைக்க வேண்டும்.

மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யலாகாது. முதலில் பாட்டரியின் இணைப்பை நீக்க வேண்டும். எஞ்சினுக்குள் நீர் புகவில்லை என்பதை மெக்கானிக் உறுதி செய்ய வேண்டும். கியர்ப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. அதை முழுவதும் மாற்ற வேண்டும். ஒட்டிய பிளேட்டை விடுவிப்பதைத் திறந்த மைதானத்தில் அனுபவமுள்ள மெக்கானிக்கே செய்ய வேண்டும். தெருவில் முயன்றால் வண்டி திடீரெனப் பாயும்.

மழைக்காலம் முழுவதும் ஓடாமல் நிற்கும் காருக்கும் டிராக்டருக்கும், பெடலைக் கட்டை கொடுத்து அழுத்தி வைத்தால் பிளேட் ஒட்டாது.

கெடாமற் காக்கும் வழி

ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில், ஓட்டுநர்கள் ‘ஹாஃப் கிளட்ச்’ என்று கூறுமாறு பெடலைப் பாதி மிதித்தபடியே ஊர்ந்து செல்லுதல் பிளேட்டைத் தேய்க்கும். மேட்டில் வண்டியைக் கிளட்சினால் நிறுத்தி வைக்காமல் பிரேக்கினால் நிறுத்த வேண்டும். ஓடும்போது பெடல்மீது காலை வைத்திருக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். கிளட்ச் உறையைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய பிளேட்டுகளில் கல்நார் கலந்திருக்கலாம். அத்தூள் நுரையீரலுக்குக் கேடு செய்யும். ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே முறை.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு யோசனை கூற விரும்புகிறோம். அரசினர் தொழிற் பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் தொழிலுக்கு இரண்டாண்டுப் பயிற்சி தரப்படுகிறது. அதில் தேர்ந்த இளைஞர் நம் ஊரில் இருந்தால், அவரைக் கொண்டு ஓர் ஓய்வு நாளில் இச்சோதனைகளை ஊராருக்குச் செய்து காட்டச் சொல்லலாம். அதற்கு ஒரு பழைய காரும், ஒரு மணி நேரமும் போதும்.

பழுது பார்க்கும் இடத்துக்குச் செல்லும் உரியவர், “கியர் சரியில்லை” என்று மட்டும் கூறாமல், “எஞ்சினை நிறுத்தினால் எல்லாக் கியரும் விழுகிறது, ஓடும்போது விழவில்லை, பலமுறை மிதித்தால் விழுகிறது” என்று கூறுவாராக. கோளாறை இவ்வளவு தெளிவாக எடுத்துரைப்பவரிடம் வீண் வேலைக்கு இடமிராது. நல்ல மெக்கானிக்குக்கும் அது உதவியாகும். கழற்றுமுன் சோதித்தறிவோம், உழைத்துச் சேர்த்த பணத்தைக் காப்போம்.