பழுது வருமுன் பார்ப்போம்
பழைய லான்ட்மாஸ்டரைப் பேணுவது பற்றிய பாடம்



ஐப்பசி மழை விழுந்து மண் இளகியதும், மூதூர் தொடக்கம் தம்பலகாமம் வரை எல்லா வயல்காரருக்கும் ஒரே கிழமையில் உழவு வேண்டும். அந்தக் கிழமையில் நமது இயந்திரம் நின்றுவிட்டால், வாடகை இயந்திரம் நமக்காகக் காத்திருக்காது. விதைப்புப் பிந்தும். பிந்திய பயிர் குடலைப் பருவத்தில் தண்ணீருக்குத் தவிக்கும். வீட்டிலுள்ள நகை அடகுக்குப் போகும். ஆகவே இந்த இதழில் பழைய உழவு இயந்திரத்தைப் பழுதுபடுமுன் பேணுவது எப்படி என்று பார்ப்போம்.

நம் வீட்டுக் கார்

இரண்டு சில்லு உழவு இயந்திரம் எந்த நாட்டில் செய்யப்பட்டதானாலும் அதை நாம் லான்ட்மாஸ்டர் என்றே அழைக்கிறோம். இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்தன 1950களில் வடிவமைத்த சிறிய இயந்திரத்தின் பெயர் அது. அந்த இயந்திரங்கள் அருகிவிட்டன. பெயர் மட்டும் நம் வாயில் நிலைத்துவிட்டது. வயலில் அது எருது. பின்னால் பெட்டியைப் பூட்டினால் அதுவே நம் கார். நெல் மூட்டையும், நோயாளியும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில்தான் போகிறார்கள்.

1984இல் தென்னமரவடியிலிருந்தும், 2006இல் சம்பூர், மூதூர் கிழக்குப் பகுதிகளிலிருந்தும் இடம்பெயர்ந்தவர்கள் கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு வயல் இருந்தது, இயந்திரம் இருக்கவில்லை. கடன்பட்டு வாங்கியதும் இரண்டாம், மூன்றாம் கை இயந்திரமே. புதியது வாங்கும் வசதி நமக்கு உடனே வரப்போவதில்லை. இருப்பதைக் காப்பாற்றுவதே வழி.

பழையது என்பதற்காக மனம் தளர வேண்டாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அரை நூற்றாண்டை எட்டிக்கொண்டிருந்த ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கவனித்துப் பார்த்த கைகளே அவற்றை ஓடவைத்தன. எஞ்சினுக்கு வேண்டியவை நான்கு: நல்ல காற்று, நல்ல ஒயில், நல்ல தண்ணீர், நல்ல டீசல். இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. காற்று

டீசல் எஞ்சின் ஓடும்போது ஓயாமல் காற்றை இழுக்கிறது. புழுதி உழவிலும் கிரவல் வீதியிலும் அந்தக் காற்றோடு தூசியும் போகிறது. தூசி ஒயிலோடு கலந்தால் அரத்தாள் போலாகி, பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும். பிறகு எஞ்சின் நீல நிறமாகப் புகைக்கும், இழுவை குறையும்.

பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் ஒயில் தொட்டியுள்ள காற்றுப் பில்டரே உண்டு. புழுதி வேலை நடக்கும் நாட்களில் தினமும் அதைத் திறந்து பாருங்கள். ஒயில் சேறாகியிருந்தால் ஊற்றிவிட்டு, வலையை மண்ணெண்ணெயில் கழுவி உலரவிட்டு, குறியிட்ட மட்டம் வரை புது ஒயில் விடுங்கள். குறிக்கு மேல் விட வேண்டாம். மிதமிஞ்சிய ஒயிலை எஞ்சின் உறிஞ்சினால் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும்.

சிலர் டேர்போ அல்லது சுப்பர்சார்ஜர் பூட்டிய சிறிய வாகனம் வைத்திருக்கலாம். அவை காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுபவை. பில்டர் கிழிந்தால் உள்ளே வேகமாய்ச் சுழலும் பாகங்களையே தூசி அரித்துவிடும். டேர்போ உள்ள வாகனத்தைத் தூர ஓட்டத்தின் பின் உடனே நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள்.

2. ஒயில்

ஒவ்வொரு காலையும், ஸ்டார்ட் செய்யுமுன், இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி ஒயில் மட்டத்தைப் பாருங்கள். விரலில் தொட்டும் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சினை ஓட்ட வேண்டாம். இவ்வகை எஞ்சின்களில் ஏறத்தாழ 100 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது பொது வழக்கம். நாளுக்கு எட்டு மணித்தியாலம் உழுதால் அது பன்னிரண்டு, பதின்மூன்று நாள் வேலை. எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய ஒயிலை இறக்கினால் அழுக்கும் சேர்ந்து இறங்கும்.

கியர்ப் பெட்டி ஒயிலையும் மறக்க வேண்டாம். இரும்புச் சில்லு பூட்டிச் சேற்றில் உழும்போது, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அந்த ஒயில் வெளுத்தால் சீலை மாற்ற வேண்டும்.

இறக்கிய ஒயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் கானில் சேர்த்து வையுங்கள். அந்தத் தண்ணீரைத்தான் நாமும் குடிக்கிறோம்.

3. தண்ணீர்

நமது கடலோரக் கிராமங்களில் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். இந்த எஞ்சின்கள் பலவற்றில் றேடியேற்றர் இல்லை. திறந்த தொட்டியில் தண்ணீர் கொதித்து, ஆவியாகப் போய், சூட்டைக் கொண்டுபோகிறது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும். நாம் மீண்டும் மீண்டும் ஊற்ற, அவையும் மீண்டும் மீண்டும் சேரும். நிலாவெளி உப்பளத்தில் வெயில் செய்யும் வேலையை இங்கே எஞ்சின் சூடு செய்கிறது.

உப்பு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். சுண்ணாம்பு சிலிண்டரைச் சுற்றி ஓடு போலப் படியும். சூடு வெளியேற வழியில்லாமல் பிஸ்டன் இறுகிவிடும். நாம் அறிந்த ஒரு குடும்பம் உவர்க் கிணற்றுத் தண்ணீரையே இரண்டு வருடம் ஊற்றி வந்தது. மூன்றாம் வருடம் விதைப்புக் கிழமையில் எஞ்சின் இறுகி நின்றது. திருத்துவதற்காக அவர்கள் இரண்டு மாடுகளை விற்க வேண்டியிருந்தது. ஒரு பரல் மழைத் தண்ணீர் சேர்த்து வைத்திருந்தால் அந்த மாடுகள் இன்றும் பட்டியில் நின்றிருக்கும்.

கூரையிலிருந்து விழும் மழைத் தண்ணீரைத் துணியில் வடித்து மூடிய பரலில் சேருங்கள். கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமென்றால், சவர்க்காரம் நன்றாக நுரைக்கும் தண்ணீரைத் தேர்ந்தெடுங்கள். தொட்டியைக் கழுவி அடிமண்ணை இடைக்கிடை வெளியேற்றுங்கள். தண்ணீர் வற்றி எஞ்சின் கொதித்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரை உடனே ஊற்ற வேண்டாம். வார்ப்பிரும்பு வெடிக்கும். நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு ஊற்றுங்கள்.

4. டீசல்

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பலர் கான்களிலும் பரல்களிலும் டீசலைச் சேமித்தார்கள். துருப்பிடித்த பரலும் தண்ணீர் பட்ட கானும் நொசிலுக்கும் பம்புக்கும் எமன். பரலில் உள்ள டீசலை ஒரு நாளாவது அசையாமல் வைத்து, அடியைக் கலக்காமல் மேலிருந்து எடுங்கள். ஊற்றும்போது துணியில் வடியுங்கள். மாலையில் வேலை முடிந்ததும் தாங்கியை நிரப்பி வைத்தால், இரவில் உள்ளே ஈரம் கட்டுவது குறையும். டீசல் பில்டரை மாற்றினாலோ தாங்கி வற்றிப்போனாலோ, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிய பின்பே ஸ்டார்ட் செய்யுங்கள்.

புகை சொல்லும் செய்தி

கறுப்புப் புகை: காற்றுப் பில்டர் அடைபட்டிருக்கலாம், சுமை கூடியிருக்கலாம், நொசில் கெட்டிருக்கலாம்.
நீலப் புகை: ஒயில் எரிகிறது.
ஓயாத வெள்ளைப் புகை: டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது.

நெடுநாள் நின்ற இயந்திரம்

பல மாதம், பல வருடம் கிடந்த இயந்திரத்தைக் கண்டதும் கைபிடியைப் போட்டுச் சுற்ற வேண்டாம். முதலில் இடத்தைப் பாருங்கள். பற்றைக்குள் கைவிடப்பட்டிருந்தால், சுற்றிலும் வெடிபொருள் இல்லை என்று உறுதியான பின்பே கிட்டப் போங்கள். பிறகு இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

அ. காற்றுப் பில்டரிலும் சைலன்சரிலும் குளவிக் கூடு, எலிக் கூடு உண்டா என்று பாருங்கள்.
ஆ. பழைய டீசலையும் ஒயிலையும் முழுதாக இறக்கி, தாங்கியைக் கழுவுங்கள்.
இ. புது ஒயில் விட்டு, அமுக்கத்தைத் தளர்த்தும் நெம்பைப் பிடித்துக்கொண்டு கையால் மெல்லச் சுற்றுங்கள். இறுகியிருந்தால் பலவந்தம் வேண்டாம். மெக்கானிக்கைக் கொண்டு நொசிலைக் கழற்றி, சிறிது ஒயில் விட்டு இரண்டொரு நாள் ஊறவிடுங்கள்.
ஈ. தண்ணீர் நிரப்பி, கசிவு பாருங்கள்.
உ. ஸ்டார்ட் ஆனதும் சில நிமிடம் சுமையில்லாமல் மெதுவாக ஓடவிட்டு, ஒயில் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

நினைவில் வைக்க

தினமும்: ஒயில், தண்ணீர், காற்றுப் பில்டர், தளர்ந்த நட்டுகள்.
கிழமைதோறும்: பெல்ட்டின் நடுவில் விரலால் அமுக்கிப் பாருங்கள், ஏறத்தாழ ஒரு பெருவிரல் அகலம் தாழ வேண்டும். கிறீஸ் இடுங்கள். சில்லுக்குக் காற்றுப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டைத் தொட வேண்டாம். சாரம், சேலை, சால்வை அதில் சிக்கும்.
போகம் முடிந்ததும்: சேற்றையும் உப்பையும் நல்ல தண்ணீரில் கழுவி உலரவிட்டு, வெறும் இரும்பில் ஒயில் பூசுங்கள். நீண்ட காலம் நிறுத்துவதானால் தொட்டித் தண்ணீரை இறக்கிவிடுங்கள். கொட்டிலில் பலகை மேல் ஏற்றி வையுங்கள்.

ஒரு உழவால் ஆகும் வயலை மூன்று தரம் உழுவதும் இயந்திரத்துக்குத் தேய்மானமே. தேவையற்ற உழவு மண்ணைக் கெடுக்கும் என்று பிற்காலத்தில் எடுத்துச் சொன்னவர், லான்ட்மாஸ்டரை ஆக்கிய அதே விஜேவர்தனதான் என்பதை நினைவில் கொள்வோம்.

வீட்டில் ஒரு கொப்பி வையுங்கள். அன்றன்று ஓடிய மணித்தியாலம், ஒயில் மாற்றிய திகதி, வாங்கிய பாகம் மூன்றையும் எழுதுங்கள். ஓட்டுபவர் களைத்து வருவார். எழுதும் பொறுப்பை வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுக்கலாம். கணவனை இழந்து இயந்திரத்தை வாடகைக்குக் கொடுத்து வாழும் சகோதரிகளுக்கு அந்தக் கொப்பியே சாட்சி. எத்தனை மணித்தியாலம் ஓடியது, யார் ஒயில் மாற்றாமல் விட்டார் என்பதை அது சொல்லும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் இயந்திரத்துக்கு ஏற்றது? மழைத் தண்ணீரைச் சேர்க்க யாரிடம் பரல் உண்டு?
2. ஒருமுறை ஒயில் மாற்ற ஆகும் செலவையும், பிஸ்டனும் சிலிண்டரும் மாற்ற ஆகும் செலவையும் கடையில் விசாரித்து எழுதுங்கள். ஒன்று மற்றதைப் போல் எத்தனை மடங்கு?
3. கிறீஸ் கன், ஸ்பானர் தொகுதி போன்றவற்றை ஐந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் யார் பொறுப்பாக வைத்திருப்பது?

புரட்டாதி முடியுமுன் ஒரு நாளை ஒதுக்கி, அயலவர் எல்லோரும் இயந்திரங்களை ஒரே முற்றத்தில் கொண்டுவந்து பாருங்கள். ஒருவர் அறிந்ததை மற்றவர் கற்றுக்கொள்ளலாம். மழை விழும் நாளில் எல்லா எஞ்சின்களும் முதல் சுற்றிலேயே பிடிக்கட்டும்.