பூனையின் நீரிழிவும் குறைந்த செலவில் அதனை வீட்டிற் பேணும் முறையும்

நெல் மூட்டை அடுக்கிய வீட்டிலே பூனையும் ஒரு வேலையாளே. சம்மாந்துறை, நிந்தவூர்ப் பகுதிகளிற் பெரும்போக அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்தவுடன் எலியும் அதன் பின்னே வந்து சேர்ந்துவிடும். பொறியும் நஞ்சும் செய்யாத காவலை ஒரு நல்ல பூனை செய்துவிடுகின்றது. அத்தகைய பூனை நடுவயதைக் கடந்தபின், சில வேளைகளில், ஓயாது நீர் குடிக்கத் தொடங்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். முன்னிலும் அதிகமாகத் தின்னும். ஆயினும் நாளுக்கு நாள் மெலியும். பூச்சி என்றும் முதுமை என்றும் எண்ணி இதனைக் கவனியாது விடுவோர் பலர். மனிதருக்கு வரும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பூனைக்கும் வருவதுண்டு என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

சதையி என்னும் சுரப்பியிலிருந்து ஊறும் இன்சுலின் குறைவதாலோ, ஊறிய இன்சுலின் உடலிற் சரிவரத் தொழிற்படாமையாலோ குருதியிற் சீனி மிகுகின்றது. 1889ஆம் ஆண்டிற் சதையியை அகற்றிய நாய் ஒன்றுக்கு நீரிழிவு கண்டதிலிருந்தே இந்நோயின் மூலம் புலனாயிற்று. 1921இல் தொரன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுத்ததும் நாய்களைக் கொண்டே. விலங்கின் துணையால் மனிதன் பெற்ற மருந்து விலங்குக்கும் பயன்படுவது முறையே.

கொழுத்த பூனைக்கும், விதை நீக்கப்பட்ட கடுவனுக்கும், வீட்டுக்குள்ளேயே கிடக்கும் பூனைக்கும் இந்நோய் அதிகம். சொறிக்கென நீண்டகாலம் ஸ்டீரொயிட் மருந்து பெற்ற பூனைக்கும் வரலாம். நோய் முற்றினாற் பூனை பின்னங்காலின் குதியை நிலத்திற் பதித்துத் தளர்ந்து நடக்கும். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதும் ஓர் அடையாளம். ஆனால் அது மட்டும் சான்றாகாது. அளந்து பார்ப்பதே மேல். காலையிற் போத்தலால் அளந்து நீர் வைத்து, மறுநாட் காலை மிச்சத்தை அளக்க வேண்டும். 4 கிலோகிராம் எடையுள்ள பூனை நாளொன்றுக்கு 200 மில்லிலீற்றருக்கு மேற் குடிக்குமாயின் அது நோயே. சிறுநீரக நோயிலும் தைரொயிட்டு நோயிலும் இவ்வாறே நேரும் ஆதலால், பிரதேசத்துக் கால்நடை வைத்தியரிடம் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும். அச்சமுற்ற பூனையின் குருதியிற் சீனி தானாகவே ஏறும். ஆகவே ஒருமுறை குருதி பார்த்தமட்டில் முடிவு கட்டாது, வீட்டில் அமைதியாக இருக்கும்போது பிடித்த சிறுநீரையும் சோதிப்பிப்பது நன்று.

செலவில்லாத முதல் மருந்து உணவுத் தட்டிலேயே இருக்கின்றது. நமது வீடுகளிற் பூனைக்கு இடுவது மீன் தலையும் ஆணமும் பிசைந்த சோறு. நெல் விளையும் ஊரிற் சோறு மலிவு, மீன் அருமை. ஆனால் பூனையோ ஊனுண்ணும் பிராணி. எலியின் உடலிற் புரதமும் கொழுப்பும் உண்டு. மாப்பொருள் மிகச் சொற்பம். சோற்றிலோ பெரும்பகுதி மாப்பொருளே. நோயுற்ற பூனையின் தட்டிலிருந்து சோற்றையும், பாணையும், பிஸ்கற்றையும், இனிப்பிட்ட பாலையும் நீக்கினால் ஊசி மருந்தின் தேவை குறையும். தொடக்கத்திலேயே இன்சுலினும் இவ்வுணவும் சேர்ந்து கிடைத்தாற் சில பூனைகள் சில மாதங்களில் இன்சுலினின்றியே வாழும் நிலையை அடைவதுண்டு.

சோற்றுக்குப் பதிலாக, 4 கிலோகிராம் பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிராம் மீனோ இறைச்சியோ போதும். கரையில் மலிவாகக் கிடைக்கும் சூடை, சாளை போன்ற மீன்களை உப்பின்றி அவித்து, மெதுவான முள்ளோடு மசித்துக் கொடுக்கலாம். முள்ளிலிருந்து கல்சியம் கிடைக்கும். பச்சையாகக் கொடுத்தல் கூடாது. இம்மீன்களில் உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும் பொருள் ஒன்று உண்டு. அவித்தால் அது கெடும். கோழியின் இதயமும் இறைச்சிக்கடையில் மலிவாக விற்கும் மாட்டிதயமும் மிக நல்லவை. பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாத டோரின் என்னும் சத்து அவற்றில் உண்டு. அச்சத்து அவித்த நீரிற் கரைந்துவிடுவதால் அந்நீரையும் சேர்த்தே வைக்க வேண்டும். ஈரல் கிழமைக்கு ஒருமுறை சிறுதுண்டு போதும். வெங்காயமும் உள்ளியும் சேர்ந்த கறி பூனையின் குருதியைக் கெடுக்கும். இயலுமானவர் தகரத்தில் அடைத்த பூனையுணவை இடையிடையே கொடுப்பது நன்று. தனி மீனோ தனி இறைச்சியோ எல்லாச் சத்தையும் தாராது. உலர்ந்த மணியுணவிற் பெரும்பாலும் மாப்பொருள் அதிகம்.

உணவை ஒரே நாளில் மாற்றாது, ஒரு கிழமைக்கு மேலாகச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். ஏற்கெனவே இன்சுலின் பெறும் பூனையாயின் வைத்தியரிடம் கூறாமற் சோற்றைக் குறைத்தல் ஆபத்து. சோறு குறைய, பழைய அளவு மருந்து மிகையாகிவிடும். கொழுத்த பூனையைப் பட்டினி போடுவதும் கூடாது. ஈரலிற் கொழுப்புப் படிந்து மாளும். மரக்கறி நிறுக்கும் தராசிற் கூடையோடு வைத்துக் கிழமைதோறும் நிறுத்து எழுதிவைத்தால், மெலிவு அளவோடு நிகழ்கின்றதா என்பது விளங்கும்.

பணம் செலவிட வேண்டிய இடம் இன்சுலினே. பெரும்பாலும் ஓரலகு அளவில், நாளுக்கு இருமுறை, 12 மணித்தியால இடைவெளியில் தொடங்குவர். வகையையும் அளவையும் வைத்தியரே குறிப்பார். காலை 6 மணிக்கும் மஃரிபை ஒட்டிய 6 மணிக்கும் எனப் பழக்கிக்கொண்டால் வயல் வேலைக்கும் இடையூறில்லை. உணவு தின்றபின், தளர்ந்த தோலைத் தூக்கி, அதன் கீழ் ஊசி ஏற்ற வேண்டும். தின்ன மறுத்தால் வழக்கமான அளவை ஏற்றாது வைத்தியரைக் கேட்க வேண்டும். ஒருவேளை தவறினால் மறுவேளை இரட்டிப்பது கூடாது. வீட்டிலுள்ள பெரியவரின் மருந்துப் போத்தலிலிருந்து எடுத்துப் பூனைக்கு ஏற்றுவதும் தவறு.

மிகக் கவனிக்க வேண்டியது ஊசிக்குழாய். மில்லிலீற்றருக்கு 40 அலகுள்ள இன்சுலினும் உண்டு. 100 அலகுள்ளதும் உண்டு. அவற்றுக்குரிய குழாய்களும் வெவ்வேறு. முன்னதன் மூடி பெரும்பாலும் சிவப்பு, பின்னதன் மூடி செம்மஞ்சள். 100 அலகு மருந்தை 40 அலகுக் குழாயில் எடுத்தால், ஓரலகு என நினைத்தது இரண்டரை அலகாகும். சிறிய பூனைக்கு அது உயிராபத்து. அரை அலகுக் கோடிட்ட 0.3 மில்லிலீற்றர்க் குழாய் கிடைத்தால் அதுவே ஏற்றது.

மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைக்கலாம்; உறைந்தாற் பயனற்றது. மின் தடைப்படும் நாளில், போத்தலை நீர் புகாத டப்பாவில் இட்டு, ஈரமணல் நிரம்பிய மட்பானையில் நிழலில் வைப்பது உதவும்.

சீனி மிகுவதிலும் திடீரெனக் குறைவது விரைவிற் கொல்லும். பூனை தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, வலிப்புக் கண்டாலோ தேனையோ கெட்டியான சீனிப் பாகையோ விரலால் முரசிற் பூச வேண்டும். வாயினுள் ஊற்றினால் மூச்சடைக்கும். தெளிந்ததும் உணவு கொடுத்து, உடனே வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். மறுபுறம், நோயுற்ற பூனை தின்னாது வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடந்தால் அதுவும் ஒரு நாளும் பொறுக்கத்தக்கதன்று. வீட்டில் மனிதருக்குரிய சீனி அளக்கும் கருவி இருப்பின், புதிய ஊசியாற் காது மடல் ஓரத்திற் குத்தி ஒரு துளி எடுத்து அளக்கலாம். அக்கருவி பூனையின் குருதியிற் சற்றுக் குறைத்தே காட்டும்; எனினும் தசலீற்றருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் ஊசியை நிறுத்தி உணவு கொடுத்து வைத்தியரை நாட வேண்டும். ஓரிரு அளவை நம்பித் தாமாகவே மருந்தைக் கூட்டுதல் கூடாது.

பாகற்காயும் வெந்தயமும் இன்சுலினுக்கு ஈடாகா. பூனை அவற்றைத் தின்னவும் மாட்டாது. காய்ச்சலென்று பனடோல் கொடுத்தால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். எலிநஞ்சு வைக்கும் வீட்டில் இன்னுமோர் ஆபத்து உண்டு: தீராப் பசியுள்ள இப்பூனை நஞ்சுண்டு செத்த எலியையும் தின்றுவிடும். ஆகவே நோய் தணியும் வரை நெல் அறையில் நஞ்சை நீக்கிப் பொறியை வைப்பதே தக்கது.

பயன்படுத்திய ஊசிகளை வீட்டுக் குப்பையோடு எருக்குழியிற் போடுதல் ஆகாது. அவ்வெரு கத்தரிப் பாத்திக்கும் நாற்றுமேடைக்கும் போகும். அங்கே வெறுங்காலோடு நிற்பவர் வீட்டாரே. மூடியுள்ள தகரப் பேணியிற் சேர்த்து, நிரம்பியதும் வைத்தியசாலையில் ஒப்படைக்க வேண்டும்.