மூன்று மாற்று கேட்டால் மூன்றும் கொடு

அன்புள்ள தம்பிக்கு,

முதல் டிபிஆர் (விரிவான திட்ட அறிக்கை) வேலை கைக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஒப்பந்தத்தின் பணி வரையறையில், ‘மாற்று வடிவமைப்புகளை ஆராய்ந்து பரிந்துரைக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். வழக்கமாக மூன்று கேட்பார்கள். நம் தொழிலில் ஒப்புக்குச் செய்து தள்ளப்படும் வேலை இதைப்போல இன்னொன்று இல்லை.

பல அறிக்கைகளில் அந்த மூன்றில் ஒன்றுதான் நிஜம். மற்ற இரண்டும் டம்மி வேட்பாளர்கள். வாபஸ் வாங்குவதற்காகவே மனுத்தாக்கல் செய்தவை. ஒன்றுக்கு நிலம் கிடைக்காது, இன்னொன்றுக்குச் செலவு இரட்டிப்பு என்று முதல் நாளே தெரிந்திருந்தும் வரைந்து வைப்பார்கள். நீ உன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்: அதிகாரி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதைக் கட்டிக்கொடுக்க நான் தயாரா? தயாரில்லை என்றால் அதை எண்ணிக்கையில் சேர்க்காதே.

நிஜமான மாற்றுகளைப் பார்க்க ஒரு தடவை பாம்பனுக்குப் போய் வா. ஒரே நீரிணை, ஒரே சிக்கல்: தீவுக்குப் பாதையும் வேண்டும், கப்பலுக்கு வழியும் வேண்டும். அதற்கு மூன்று விடைகள் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தன. 1914இல் திறந்த ரயில் பாலத்தில் ஷெர்சர் தூக்கு. இரண்டு பாதிகளும் பிரிந்து சாய்ந்து எழும்பின. 1988இல் திறந்த சாலைப் பாலம் எதையும் தூக்காமல், தானே உயர்ந்து கப்பலுக்கு வழிவிடுகிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. அப்போது கீழே கிடைக்கும் இடைவெளி 22 மீட்டர். சாலைப் பாலத்துக்குக் கீழேயும் அதே அளவுதான்.

சாலைப் பாலம் மாதிரியே ரயில் பாலத்தையும் நிரந்தரமாக உயர்த்தியிருக்கலாமே என்று கேட்பாய். கணக்குப் போட்டுப் பார். பஸ் ஏறும் சரிவில் ரயில் ஏறாது. நூற்றுக்கு ஒன்று என்ற சரிவை வைத்துக்கொண்டாலே 17 மீட்டர் ஏற 1,700 மீட்டர் ஓட்டம் வேண்டும், இறங்க இன்னொரு 1,700. பாலத்தின் மொத்த நீளமே 2 கிலோமீட்டர் சொச்சம்தான். ஏற்ற இறக்கம் பாலத்துக்குள் அடங்காது. கரையில் தண்டவாளத்தையும் மேடேற்ற வேண்டியிருக்கும். இது என் மனக்கணக்கு. ஆனால் ஒரு மாற்றைக் கைவிட்டதற்கு அறிக்கையில் இருக்க வேண்டியது இப்படி யாரும் சரிபார்க்கக்கூடிய எண்தான். ‘தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை’ என்று எழுதுவது காரணம் ஆகாது.

கட்டும் செலவோடு ஒப்பீட்டை நிறுத்திவிடாதே. தூக்குகிற பாலத்தை உப்புக்காற்றில் காலம் முழுக்கப் பராமரிக்க வேண்டும். பழைய பாலத்தின் தூக்குப் பகுதி துருப்பிடித்துப் பலவீனமானதால் 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் நின்றது. உன் ஒப்பீட்டு அட்டவணையில் பராமரிப்புக்கு ஒரு பத்தி கட்டாயம் இருக்கட்டும்.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். கையெழுத்துக்கு முன்னால் இவற்றை எழுத்தில் வாங்கு: எத்தனை மாற்று, ஒவ்வொன்றும் கோட்டுப் படமா, அளவு மதிப்பீடு வரையா, எந்த அளவுகோலில், எந்த மதிப்பெண்ணில் ஒப்பிடுவது, யார், எத்தனை நாளில் முடிவு சொல்வது. முடிவான பிறகு நாலாவதாக ஒன்று கேட்டால் அது கூடுதல் வேலை, கூடுதல் கட்டணம். அளவுகோலைப் படம் வரைவதற்கு முன்பே முடிவுசெய்துவிடு. படம் வந்தபின் முடிவுசெய்தால் பிடித்த படத்துக்கேற்ப அளவுகோல் வளையும். ‘ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்’ என்பதையும் ஒரு மாற்றாக வை.

கட்டுமான வேலை தொடங்கியபின் ஒப்பந்ததாரரும் மாற்று கொண்டுவருவார். பிடிக் (FIDIC) ஒப்பந்த நிபந்தனைகளின் 1999 சிவப்புப் புத்தகத்தில் 13.2ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. முன்மொழிவைத் தன் செலவில் அவர் தயாரிக்க வேண்டும். வடிவமைப்பு மாறினால், வேறு உடன்பாடு இல்லாதவரை, அந்தப் பகுதியை வடிவமைப்பதும் அவர் பொறுப்பு. மிச்சத்தில் பாதி அவருக்கு. ஆனால் தரத்திலோ ஆயுளிலோ பயன்பாட்டிலோ உரிமையாளருக்கு ஏற்படும் இழப்பைக் கழித்த பிறகுதான். அந்தக் கழிவைக் கணக்கிடாமல் எந்த முன்மொழிவையும் பரிந்துரைக்காதே. 2017 பதிப்பில் பங்கு விகிதத்தைத் தனி நிபந்தனைகளில் நாமே எழுத வேண்டும். அந்த இடத்தை வெற்றாக விட்டுவிடாதே.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும் திட்டம் என்றால், மாற்று இடங்களும் தொழில்நுட்பங்களும் பற்றிய அத்தியாயம் அந்த அறிக்கையில் இருந்தாக வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “ஏன் சார், என் வயல் வழியாத்தான் போகணுமா?” என்று கேட்பார். அவரிடம் காட்ட உன் கையில் இருப்பது அந்த அத்தியாயம்தான்.

கடைசியாக ஒரு யோசனை. உனக்குப் பிடித்த வடிவமைப்பைக் கடைசியில் எழுது. மற்ற இரண்டையும், அவற்றுக்காக வாதாடுகிறவன் மாதிரி, முதலில் எழுது. அதன்பிறகும் உன்னுடையதே ஜெயித்தால் தைரியமாகக் கையெழுத்துப் போடு.

அன்புடன்,
மூத்த பொறியாளர் ஒருவர்