தூண்டிலில் இட்ட புரதம்

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாத கிருமியை, அது உடலில் விட்டுச்சென்ற சுவட்டைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது. அச்சுவட்டைப் பிழையின்றிப் படிக்க அறிவியலாளர் மேற்கொண்ட முயற்சியை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்னும் சிற்றூர் உள்ளது. 1975ஆம் ஆண்டில் அவ்வூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குழந்தைகள் பலருக்கு முழங்கால் வீங்கி வலித்தது. இளையோர்க்கு வரும் முடக்குவாதம் என்றனர் மருத்துவர். சிறிய ஊரில் இத்தனை பிள்ளைகளுக்கா என ஐயுற்ற தாய்மார் இருவர், மாநில நலவாழ்வுத் துறைக்குத் தெரிவித்தனர். அந்த ஐயமே ஆய்வுக்கு வித்திட்டது. யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டியர் இந்நோயை ஆராய்ந்தார். 1981இல் வில்லி பர்க்டார்ஃபர், உண்ணியின் குடலில் சுருள்வடிவப் பாக்டீரியாவைக் கண்டார். அவர் பெயராலேயே அது பொரேலியா பர்க்டார்ஃபெரி எனப்பட்டது.

நோயைப் பரப்பும் இளம் உண்ணி கசகசா விதையளவே இருக்கும்; கடிபட்டதைப் பலர் அறியார். தோலில் வட்டமாகப் பரவும் செந்தடிப்பு தோன்றினால் மருத்துவர் நோயை உணர்ந்துகொள்வார். அது தோன்றாதவர்க்குக் குருதிச் சோதனையே துணை.

குருதியில் இக்கிருமி அரிதாகவே அகப்படும். ஆகவே, சோதனை தேடுவது கிருமியை அன்று. அதனை எதிர்க்க உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளை. மீனைப் பிடிக்கத் தூண்டிலில் இரை வேண்டுவதுபோல், எதிர்ப்பொருளைப் பிடிக்க அதனோடு பொருந்தும் கிருமிப் புரதம் வேண்டும். தொடக்கத்தில், ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியாவை முழுமையாகச் சிதைத்து, அக்கலவையையே இரையாக்கினர். பிழை புகுந்தது அங்கேதான். இக்கிருமியின் கசையிழைப் புரதம் பிற பாக்டீரியாக்களின் கசையிழைப் புரதத்தை ஒத்தது. எனவே, வேறு நோய்க்காக உருவான எதிர்ப்பொருளும் வந்து ஒட்டிக்கொள்ளும். இல்லாத நோய் இருப்பதாகச் சோதனை சொல்லிவிடும். இதனைத் தவிர்க்க, புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் முறையை இரண்டாம் சோதனையாகச் செய்ய வேண்டுமென 1995இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைத்தது. ஒருவகை எதிர்ப்பொருளுக்குப் பத்துப் பட்டைகளுள் ஐந்தேனும் தோன்ற வேண்டும். மங்கிய பட்டையைக் கணக்கில் கொள்வதா, விடுவதா? அது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது!

மறுசேர்க்கைத் தொழில்நுட்பம் வேறு வழி காட்டியது. இக்கிருமிக்கே உரிய புரதத்தின் மரபணுவை மட்டும் பிரித்து, பிளாஸ்மிட் என்னும் வட்ட டி.என்.ஏ.வில் இணைத்து, ஈ.கோலை பாக்டீரியாவினுள் செலுத்துவர். அது பெருகுந்தோறும் அப்புரதமும் பெருகும். தூய்மைப்படுத்தினால் கலப்பற்ற இரை கிடைக்கும்.

அவ்வாறு உருவாக்கியவற்றுள் விஎல்எஸ்இ குறிப்பிடத்தக்கது. ஆய்வகக் குடுவையில் இக்கிருமி அப்புரதத்தை மிகக் குறைவாகவே உருவாக்கும். உடலினுள் புகுந்தபின்னரோ மிகுதியாக உருவாக்கும். நோய் எதிர்ப்பாற்றலை ஏமாற்ற அப்புரதத்தின் சில பகுதிகளைக் கிருமி மாற்றிக்கொண்டே இருக்கும். எத்தனை வேடம் புனைந்தாலும் அதன் ஒரு பகுதி மட்டும் மாறுவதில்லை. அதற்கு எதிராக உடல் வலுவான எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அம்மாறாப் பகுதியைப் போன்று செயற்கையாக அமைத்த சிறு புரதத்துண்டும் இன்று சோதனைக்குப் பயன்படுகிறது. 2019இல், பட்டைகளை எண்ணும் முறைக்கு மாற்றாக இரண்டு நொதிவழிச் சோதனைகளை அடுத்தடுத்துச் செய்யும் முறைக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

எனினும், கடிபட்ட முதற்சில வாரங்களில் எதிர்ப்பொருளே போதிய அளவு உருவாகியிராது. மீனே இல்லாத நீரில் நல்ல இரையும் பயன் தராதன்றோ? அதனாலேயே, செந்தடிப்பைக் கண்ட மருத்துவர் சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்.