வார்டில் மட்டும் அணையும் எக்ஸ்ரே கருவி

கேள்வி: எங்கள் மருத்துவமனையின் நகரும் எக்ஸ்ரே கருவி வார்டில் பட்டனை அழுத்தியதும் அணைந்துவிடுகிறது, எக்ஸ்ரே அறையில் ஒழுங்காக ஓடுகிறது. கருவி பழுதா?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: கருவியைவிட வார்டின் வயரிங் மேல்தான் எனக்குச் சந்தேகம். படம் எடுக்கும்போது எக்ஸ்ரே குழாய்க்கு 60 கிலோவோல்ட், 100 மில்லியாம்பியர் என்றால் 6 கிலோவாட். பேட்டரியோ மின்தேக்கியோ இல்லாத பழைய வகைக் கருவி, அந்த நொடியில் 230 வோல்ட் இணைப்பிலிருந்து 26 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழியில் 1 ஓம் தடை இருந்தாலே 26 வோல்ட் காணாமல் போகும், அதனால் கருவி அணையலாம். தளர்ந்த பிளக், கருகிய சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாம் அந்தத் தடையைக் கூட்டுபவை. எக்ஸ்டென்ஷனை முதலில் தூக்கிப் போடுங்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து, படம் எடுக்கும் அந்தக் கணத்தில் சாக்கெட்டின் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது 230 காட்டுவதில் பயனில்லை. எர்த்தையும் சோதிக்கட்டும், நோயாளியின் கட்டிலை ஒட்டி நிற்கும் இரும்பு வண்டி இந்தக் கருவி.

பட்டனைப் பாதி அழுத்தும்போதே அணைகிறதா, முழுதும் அழுத்திய பிறகா என்றும் கவனியுங்கள். பாதியிலேயே என்றால் குழாயின் ஆனோடைச் சுழற்றும் பகுதியில் கோளாறு இருக்கலாம். பேட்டரி வகைக் கருவியானால் பேட்டரியின் வயதைப் பாருங்கள்.

மூடியை மட்டும் தயவுசெய்து நீங்கள் திறக்காதீர்கள். உள்ளே மின்தேக்கி இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.