விருந்துக்கு முன் பட்டினி வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 48. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறேன். ஆவணி பிறந்ததும் வாராவாரம் ரிசப்ஷன். ராத்திரி விருந்து இருக்கிறதே என்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காபியோடு இருந்துவிடுகிறேன். ஆனாலும் மறுநாள் காலை வெறும் வயிற்றில் 200-ஐத் தாண்டுகிறது. போன வாரம் மொய்க் கவரோடு வரிசையில் நின்றபோது கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஏன் டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, மறுநாள் சர்க்கரையைவிட அந்தக் கை நடுக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். மதியம் பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அதற்கான அறிகுறிகள், மயக்கம்கூட வரும். மறுபடி அப்படி வந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அங்கேயே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிடுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். நடந்ததை உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

காலையில் சர்க்கரை ஏறுவதற்கும் பட்டினிக்கும் தொடர்பு உண்டு. ஒரு வேளையை விட்டால், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை வழக்கத்தைவிட அதிகம் ஏறுவது நீரிழிவுக்காரர்களிடம் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். போதாக்குறைக்கு, ஒன்பதரை மணிப் பந்தியில் அகோரப் பசியோடு உட்காருகிறீர்கள். வயிறு நிறைந்த உணர்வு வர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அதற்குள் அல்வா, பரோட்டா, சாம்பார் சாதம் எல்லாம் உள்ளே போயிருக்கும். சாப்பிட்ட கையோடு படுக்கை வேறு.

ரிசப்ஷன் நாளிலும் காலை இட்லி, மதியம் சாதம், காய், பருப்பு என்று வழக்கம்போலச் சாப்பிடுங்கள். ஐந்து மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். பந்தியில் கூட்டு, பொரியலை முதலில் முடித்துவிட்டுச் சாதத்துக்குப் போனால் சர்க்கரை மெதுவாகவே ஏறும். இனிப்பு ஆசையாக இருந்தால் ஒன்றை மட்டும், கடைசியில், ருசித்துச் சாப்பிடுங்கள். முகூர்த்த நாளில் பந்தி எப்போது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கைப்பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் கொஞ்சம் பொட்டுக்கடலையும் இருக்கட்டும்.