ஒரு நாடு, ஒரு மொழி: பிரான்சு நமக்குச் சொல்லும் பாடம்

பிரெஞ்சு வரலாறு என்றதும் 1789ஆம் ஆண்டுப் புரட்சியே நம் நினைவுக்கு வரும். கடந்த கோடைக்கால விடுமுறையில், பிரான்சின் ரென் நகரில் நான்கு வாரம் அந்நாட்டு வரலாற்றையும் பண்பாட்டையும் பயிலும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கு நான் கற்றவற்றுள் தமிழ் மாணவர்களாகிய நாம் சிந்திக்க வேண்டியது அந்நாட்டின் மொழி வரலாறு.

ரென், பிரிட்டனி வட்டாரத்தின் தலைநகர். அங்குள்ள தெருப் பலகைகள் பலவற்றில் பிரெஞ்சோடு பிரெத்தோன் மொழியும் இருக்கிறது. வேல்சு மொழிக்கு உறவான இம்மொழியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசினர். 2018ஆம் ஆண்டு ஆய்வின்படி ஏறக்குறைய 2 இலட்சம் பேரே பேசினர். இச்சரிவு எப்படி நேர்ந்தது?

1794இல் கிரெகுவார் பாதிரியார் புரட்சி மன்றத்தில் ஓர் அறிக்கை படைத்தார். பிரெஞ்சைச் சரளமாகப் பேசுவோர் 30 இலட்சத்துக்கு மேல் இல்லை என்றும், வட்டார மொழிகளை ஒழித்துப் பிரெஞ்சைப் பொதுமொழியாக்க வேண்டும் என்றும் அது கூறியது. பின்னர் 1881, 1882ஆம் ஆண்டுகளில் ஜூல் ஃபெரி கொண்டுவந்த சட்டங்கள் இலவசக் கட்டாயக் கல்வியை அளித்தன. ஏழைப் பிள்ளைகளுக்கு அது பெரும்பேறு. ஆனால், பிரெத்தோன் பேசிய மாணவனின் கழுத்தில் மரச்செருப்பு போன்ற ஒரு பொருளை மாட்டும் வழக்கமும் பள்ளிகளில் இருந்தது. அடுத்து யார் அம்மொழியைப் பேசிப் பிடிபடுகிறாரோ, அவர் கழுத்துக்கு அது மாறும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்றெண்ணிப் பெற்றோரே வீட்டிலும் பிரெஞ்சுக்கு மாறினர். தண்டனையைவிட இதுவே அம்மொழியைப் பெரிதும் பாதித்தது எனலாம். 1977இல் சில பெற்றோர் முன்வந்து பிரெத்தோன் வழிப் பள்ளியைத் தொடங்கினர். 'திவான்' என்பது அதன் பெயர். முளைவிடும் விதை என்று பொருள்.

நம் நிலை வேறு. மலேசிய அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு மலாயைத் தேசிய மொழியாக்கியதோடு, பிற மொழிகளைக் கற்கும் உரிமையையும் காக்கிறது. 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்க 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வழிசெய்கிறது.

இருப்பினும், தமிழ்ப்பள்ளியிலிருந்து என்னோடு தேசிய இடைநிலைப்பள்ளிக்கு வந்த 18 பேரில் ஐவரே எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதினோம். மற்றவர்களை யாரும் தடுக்கவில்லை. தேர்ச்சி குறையும் என்று வீட்டாரே அஞ்சினர். அந்த அச்சத்தைப் போக்க நம்மால் முடியும். விடுமுறையில் ஊர் திரும்பும்போது, நாம் பயின்ற பள்ளிக்குச் சென்று ஐந்தாம் படிவ மாணவர்களுக்குச் சில மணி நேரம் தமிழ்ப் பாடம் நடத்துவோமா?